திரை வராத மத்தியானம்

க்ளிக் என்று கேட்டது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளே ரேமை அந்த நீளப் பள்ளத்தில் நிறுத்தி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தியபோது ஓரத்துக் கொக்கி தானாக நிமிர்ந்து வந்து பிடித்துக்கொண்டு க்ளிக் என்றது. இல்லை, அது பழைய ரேம். கழற்றித் தூசி தட்டி மறுபடி போட்டேனே, அதுதான் க்ளிக் என்றது. புதுசு சத்தமே போடாமல் உள்ளே போயிற்று. சத்தம் போடாமல் போனால் சரியாகப் போகவில்லை என்றுதானே அர்த்தம். அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் மேல் வீட்டுப் பிள்ளைகள் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள், தட் தட் தட் என்று கூரைக்கு மேலே விழுந்துகொண்டே இருந்தது, அதில் ஒன்றை நான் க்ளிக் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். மூடியைக்கூட மாட்டாமல் சுவிட்சை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. நீளமாக ஒரு பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு பீப். திரை கறுப்பு. அணைத்துவிட்டுப் போட்டேன். ஃபேன், பீப், இடைவெளி, பீப், கறுப்பு. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன், யாருக்குச் சொன்னேன், கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்திருக்கிற அவருக்குத்தான். "ஒண்ணும் இல்லைங்க, சின்னப் பிரச்சினைதான், இப்ப வந்துரும்." அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. தெரிய வழியில்லை. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க், அதற்கு மேலே இரண்டு கண். அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. கறுப்பாக இருக்கிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தரையில் பாய் விரித்து அதில் கேபினெட்டைப் படுக்க வைத்திருக்கிறேன். வயிற்றைத் திறந்து போட்ட மாதிரி. இந்த நினைப்பு இப்போது வேண்டாம். ஸ்க்ரூக்களை ஒரு டம்ளர் மூடியில் போட்டிருக்கிறேன், அது பத்திரமாக இருக்கிறது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை எடுத்து வந்து பாயின் மேல் கோடு போட்டிருக்கிறது, மதர்போர்டின் பச்சையில் அந்தக் கோடு விழுகிற இடத்தில் தூசி பஞ்சு மாதிரி தெரிகிறது. மாஸ்க்குக்குக் காற்று அனுப்புகிற மெஷின் ஸ்ஸ் என்று இழுத்து ஸ்ஸ் என்று விடுகிறது. நாள் முழுக்க இந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை, இன்றைக்கு ஒவ்வொன்றும் விழுகிறது. ஸ்ஸ். பீப். ஸ்ஸ். நான் மாரிஸ் தியேட்டர் பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தவள். கம்ப்யூட்டர் என்றால் பயமில்லாதவள். அங்கே மெக்கானிக் வந்து ரேம் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், பேசிக்கொண்டே, கடலை தின்றுகொண்டே மாற்றுவார். அந்த நம்பிக்கைதான். அச்சகத்துக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் ஒரு பத்திரிகை தாமதமாகும். இது அவருடைய வாய்.

வாய் என்று சொல்வது மிகையில்லை. அமலதாஸ் பி.டி. மாஸ்டர் என்றால் திருச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும், மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "டேய்" என்றால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் நிற்பான். விசில் அவருக்கு ஒரு அலங்காரம்தான். அந்த விசிலில்தான் முதலில் தெரிந்தது. ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், வீட்டுக்கு வந்து விசிலைக் கழுவி உதறிப் பார்த்தார், ஊதினார், காற்று மட்டும் வந்தது. "விசில் போயிருச்சு ஜெசி" என்றார். நான் வாங்கி ஊதினேன், பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நாக்கு தடித்த மாதிரி பேச்சு, பிறகு கையில் பிடி நிற்காமல் டம்ளர் விழுந்தது, பிறகு டாக்டர்கள், பிறகு அந்த நீளமான பெயர். உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், மூளைக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது என்றார்கள். அதை நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்கள். பேச்சு முழுக்கப் போவதற்குள் அவரிடம் படித்த ஜோவன் வந்தான், திரைக்குக் கீழே விரல் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டையைப் பொருத்தினான், அது கண் எங்கே பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் கட்டம் கட்டமாகச் சொற்கள். ஒரு கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அது ஓரத்திலிருந்து பச்சையாக நிரம்பும், நிரம்பினதும் பேசும். கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், யாரும் எதையும் தொடாமல் நேராக அந்தக் கட்டங்களில் வந்து நிற்கிற மாதிரி அமைத்துக் கொடுத்துவிட்டு ஜோவன் தோகாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கட்டங்களுக்கெல்லாம் அவரே பேசிப் பதிந்தார். ஏய், இங்க வா. கொசு. தலையைத் திருப்பு. ஃபேனைக் கூட்டு. டிவியை அணை, தலை வலிக்குது. சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து, களைத்துப்போகிற வரைக்கும். நாக்கு அப்போதே தடித்திருந்தது, ஆனாலும் அது அவர்தான், அவருடைய அதட்டல்தான். கட்டத்தில் இல்லாத சொல்லை அவர் எழுத்து எழுத்தாகக் கூட்ட வேண்டும், அதை மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கிற யாரோ ஒரு ஆள் வாசிப்பான், செய்தி வாசிக்கிறவன் மாதிரி, அவனை எனக்குப் பிடிக்காது. அந்தப் பதிவுகளை வேறெங்காவது எடுத்து வைத்திருக்கிறேனா? பென் டிரைவ் ஒன்று இருந்தது. ஜோவன் ஏற்றித் தந்தான் என்று நினைக்கிறேன். தந்தானா, தருகிறேன் என்றானா? பீரோ இழுப்பறையில் பார்த்தேன், ஜெபமாலை இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, பழைய சாவிகள். பென் டிரைவ் இல்லை.

நான் ஹார்ட் டிஸ்கைத் தொடவே இல்லை. ரேமைத்தான் தொட்டேன். ஆனால் மின்சாரம் எங்கே போய் எதைத் தாக்கும் என்று யார் கண்டது. நைலான் நைட்டி போட்டுக்கொண்டு உள்ளே கை வைக்காதீர்கள், உடம்பில் இருக்கிற மின்சாரம் சிப்பைக் கருக்கிவிடும், முதலில் இரும்பைத் தொடுங்கள் என்று போனில் பார்த்த வீடியோவில் அந்தப் பெண் சொன்னாள். நான் தொட்டேனா? கட்டில் கம்பியைத் தொட்டேன். அது அவருடைய கையை எடுத்துத் தலையணை மேல் வைக்கும்போது. அது முன்னாலேயா, ரேமை உறையிலிருந்து எடுத்த பிறகா? முன்னால்தான். கையை வைத்தேன், கம்பி ஜில்லென்று இருந்தது, பிறகு உறையைக் கிழித்தேன். இல்லை, உறையைப் பல்லால் கிழித்தேன், ஏனென்றால் கத்தரிக்கோலை மறந்து சமையலறையில் வைத்துவிட்டேன், அதை எடுக்கப் போனபோதுதான் அவர் கை சரிந்திருந்ததைப் பார்த்தேன். அப்படியானால் பல்லால் கிழித்தது எப்போது? நினைவு ஒரே இடத்தில் வந்து வந்து நிற்கிறது, சேலை முந்தானை ஆணியில் மாட்டின மாதிரி. இழுத்தால் கிழியும்.

ரேம் விற்ற கடைக்காரர் நூருதீனுக்குப் போன் போட்டேன். "பீப் நீளமா வருதா, குட்டி குட்டியா வருதாக்கா?" "நீளமா. விட்டு விட்டு." "அது ரேம்தான்க்கா. சரியா உக்காரலை. ரெண்டையும் கழட்டுங்க. அந்தத் தங்கக் கலர் பல்லு மாதிரி இருக்குல்ல, அதை எரேசரால நல்லாத் தேச்சிட்டுப் போடுங்க. அழுத்திப் போடுங்க, பயப்படாதீங்க." "நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்களேன்." "நான் துவாக்குடியில ஒரு ஸ்கூல்ல நிக்கிறேன்க்கா. லேப் முழுக்கப் பிரிச்சுப் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில வர்றேன்." நாளைக்கு. நாளைக்கு என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. நிம்மதி மாதிரி. அதை நான் பார்க்காத மாதிரி எரேசரைத் தேடப் போனேன்.

ஏன் நிம்மதி. எதற்கு நிம்மதி. சொல்லிவிடுகிறேன், மனசுக்குள்தானே. இன்று சாயங்காலம் நுரையீரல் டாக்டர் போன் செய்வார். போன தடவை வீட்டுக்கு வந்து பார்த்தபோது, மாஸ்க் இனிமேல் போதாது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே வருகிறது, தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மெஷினோடு இணைத்துவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு மெஷினை எடுக்க முடியாது, ராத்திரி பகல் யாராவது பக்கத்தில் இருந்து சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், வேண்டாம் என்றாலும் சரி, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம், முடிவு சாருடையதுதான் என்றார். அவருக்கு முன்னால் நின்று நல்லபடியாகத்தான் சொன்னார். "ஆமான்னா கண்ணை மேல தூக்குங்க, வேண்டாம்னா மூடுங்க சார்" என்றார். இவர் இரண்டும் செய்யவில்லை. திரைக்குத் திரும்பி எழுதினார். இதுக்குக் கண்ணால பதில் சொல்ல மாட்டேன். எழுதிச் சொல்றேன். செய்தி வாசிக்கிறவன் அதை வாசித்தான். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் தொங்க ஆரம்பித்தது, பழசு, நினைவு போதவில்லை, நீளமாக எழுதினால் நின்றுவிடும். நேற்று எழுதினார். ஜெசி, நான் நல்லா யோசிச்சுட்டேன். அந்த ஓட்டை. அதோடு நின்றது. அணைத்துப் போட்டேன், மறுபடி எழுதினார், மறுபடி அதே இடத்தில் நின்றது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, அழுகையா, களைப்பில் வருவதா, தெரியாது. நாளைக்கே ரேம் போட்டுடறேங்க என்றேன். ஓடிப் போய் வாங்கி வந்தேன். அவருக்காக ஓடினேன். அந்த ஓட்டை என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று ராத்திரி முழுக்க எழுதிப் பார்த்தேன். அந்த ஓட்டை வேண்டாம். அந்த ஓட்டையைப் போட்டுக்கறேன். அந்த ஓட்டை போட்டா வலிக்குமா. ஒவ்வொன்றையும் அவர் குரலில் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்பதுதான் அவர் குரலில் சரியாக வந்தது. அதட்டல் மாதிரி. ஆட்டம் முடிஞ்சது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா என்பது மாதிரி.

எரேசர் கிடைக்கவில்லை. பென்சில் முனையில் இருந்த சின்ன ரப்பரால் தேய்த்தேன். பழையதை, புதியதை. துகள் துகளாக விழுந்ததை வாயால் ஊதினேன், ஊதக்கூடாது, எச்சில் பட்டால் போச்சு, நைட்டியால் துடைத்தேன், நைலான், ஐயோ. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே அவரைப் பார்த்தேன். "இப்ப தொட்டுட்டேன்ல, இப்ப சரி" என்றேன், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பழையதை மட்டும் போட்டேன். க்ளிக். இப்போது சந்தேகமில்லை, மேல் வீட்டில் பந்து ஓய்ந்திருந்தது. புதியதை அடுத்த பள்ளத்தில் வைத்து, பயப்படாதீங்க என்றாரே, போர்டு வளைகிற அளவுக்கு அழுத்தினேன். க்ளிக். கேபினெட்டை நிமிர்த்தி மேசைக்கடியில் வைத்து, கழற்றிய ஒயரையெல்லாம் பின்னால் குனிந்து தடவித் தடவிச் சொருகினேன். திரை ஒயர், கண் பட்டை ஒயர், கரண்ட் ஒயர். ஸ்பீக்கரை மட்டும் ஜன்னல் திட்டில் விட்டுவிட்டேன், அது எதற்கு இப்போது, முதலில் உயிர் வரட்டும். சுவிட்ச். ஃபேன் சுற்றியது. பீப் வரவில்லை. காத்திருந்தேன். பீப் வரவில்லை. அம்மா மாதாவே என்றேன். ஹார்ட் டிஸ்க் உள்ளே எலி கொறிக்கிற மாதிரி கொறித்தது. கண் பட்டையில் சிவப்புப் பொட்டு மினுங்கியது. திரை வரவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது, அதில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு முன்னால் தலை கலைந்த ஒரு பொம்பளை தெரிந்தாள்.

பீப் இருந்தபோது பரவாயில்லை. பீப் என்றால் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறது. இது ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அணைத்தேன், போட்டேன். காத்திருந்தேன். திரையின் பட்டனை அழுத்திப் பார்த்தேன், சிக்னல் இல்லை என்று ஒரு நொடி எழுதிவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. போர்டு வளைந்ததே, அப்போது எதுவும் விரிசல் விட்டிருக்குமோ. மயிரிழை விரிசல் போதுமாம். அவருடைய ஏய், அவருடைய கொசு, அவருடைய தலையைத் திருப்பு எல்லாம் அந்தத் தகட்டுக்குள்ளே இருந்தபடியே இருந்து வெளியே வர வழியில்லாமல் போயிருக்குமோ. இப்படித்தானே அவரும் இருக்கிறார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இடது மேல் மூலை, அங்கே நின்றது, நடுவே வந்தது, கீழே போனது, மறுபடி இடது மேல் மூலை. காலி இடத்தில் எதைத் தேடுகிறார். பழக்கம், பாவம், என்று முதலில் நினைத்தேன். பிறகு அது குற்றம் சாட்டுகிற மாதிரித் தெரிந்தது. பார், என்ன செய்து வைத்திருக்கிறாய் பார் என்று அந்த மூலையையும் இந்த மூலையையும் காட்டுகிற மாதிரி. "அப்படிப் பாக்காதீங்க" என்றேன். "நான் வேணும்னு செய்யலை." சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். வேணும்னு செய்தாய் என்று யார் சொன்னார்கள்.

போன் அடித்தது. டாக்டராக இருக்கக்கூடாது, இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. திண்டுக்கல்லிலிருந்து அவருடைய அக்கா, மரியபுஷ்பம் அண்ணி. "என்ன ஜெசிந்தா, என்ன சொன்னான்?" "கம்ப்யூட்டர் ரிப்பேர் அண்ணி. பாத்துக்கிட்டு இருக்கேன்." "கம்ப்யூட்டர் என்னத்துக்கு? அவன் கண்ணு நல்லாத்தானே இருக்கு. வச்சுக்கறியாடான்னு கேட்டா மேல பாக்கப் போறான். நீ கேக்கலைன்னா போனை அவன் காதுல வையி, நான் கேக்கறேன்." "வேண்டாம் அண்ணி." "ஏன் வேண்டாம்? நீ பயப்படறே. அவன் சரின்னு சொல்லிட்டா பாக்கணுமேன்னு பயப்படறே." அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தம்பி மேல் உயிர். "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று வைத்துவிட்டேன். அவன் சரி என்று சொல்லிவிட்டால். இந்தப் பக்கத்தை நான் ராத்திரி எழுதிப் பார்க்கவே இல்லை. வேண்டாம் என்பாரோ என்று மட்டுமே பயந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். சரி என்றால் இந்த அறை, இந்த ஸ்ஸ், எழுந்து எழுந்து உறிஞ்சுகிற குழாய், ஒரு ராத்திரி நான் அசந்து தூங்கிப்போனால், ஒரே ஒரு ராத்திரி, கரண்ட் போய் பேட்டரியும் போய் நான் தூங்கிக்கொண்டிருந்தால். எது பெரிய பயம் என்று எடை போட முடியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் இது பெரிது, அந்தப் பக்கம் பார்த்தால் அது பெரிது. கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். "என்னங்க." கண் திரையில். "என்னங்க, கம்ப்யூட்டர் இன்னிக்கு வராது போலிருக்கு. டாக்டர் கூப்பிடுவாரு. கண்ணாலயே சொல்லிடறீங்களா?" அவர் என் பக்கம் திரும்பினார். மேலே தூக்கவில்லை, மூடவில்லை. நேராகப் பார்த்தார். பிறகு மறுபடி கறுப்புக்குப் போய்விட்டார். இடது மேல் மூலை. நடு. இடது மேல் மூலை. அவ்வளவு பிடிவாதமாக ஒரு மனிதர் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

நூருதீனுக்கு மறுபடி போட்டேன். "பீப் நின்னுருச்சு, திரை வரலை." பின்னால் பிள்ளைகள் கூச்சல், அவருக்குப் பாதி கேட்கவில்லை. "அக்கா, இனிமே நீங்க நோண்டாதீங்க, அப்படியே விட்டுருங்க, நான் காலையில பாத்துக்கறேன்." சரி. விட்டுவிட்டேன். டாக்டரிடம் நாளைக்குச் சொல்கிறோம் என்று சொல்லிவிடலாம். மாஸ்க் ஒரு நாள் தாங்கும். தாங்குமா? ஸ்க்ரூக்களை எடுத்து கேபினெட் மூடியை மாட்டினேன். பாயைச் சுருட்டினேன். ரப்பர்த் துகளைக் கூட்டினேன். அணைக்கக்கூடத் தோன்றவில்லை, அது பாட்டுக்கு மேசைக்கடியில் ஃபேனைச் சுற்றிக்கொண்டிருந்தது. கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. ஜன்னல் திட்டில் ஸ்பீக்கர் வெயிலில் சுட்டுக்கிடந்தது, அதை எடுத்துத் துடைத்து மேசை மேல் வைத்து, அதன் மெல்லிய ஒயரை முன்பக்கத்துப் பச்சை ஓட்டையில் சொருகினேன்.

"ஃபேனைக் கூட்டு."

நான் மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் மறுபடி. "கொசு." அவர் குரல். தடித்த நாக்கோடு, அதட்டலோடு. "ஏய், இங்க வா." திரை கறுப்பு. ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. "தலையைத் திருப்பு." கொஞ்சம் இடைவெளி. "ஏய், இங்க வா." அவர் கண் இடது மேல் மூலையில் நின்றிருந்தது. அது ஏய் கட்டத்தின் இடம். வருஷக்கணக்காக அதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார், திரை இல்லாவிட்டால் என்ன, அது இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரியும், இருட்டில் சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி. பீப் நின்றதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கம்ப்யூட்டர் முழுதாக எழுந்து அவருடைய கட்டங்களில் வந்து நின்று, அவர் கூப்பிடக் கூப்பிட உள்ளே பேசிக்கொண்டிருந்திருக்கிறது, ஸ்பீக்கரைப் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டு நான் அவரை அப்படிப் பாக்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணியோடு பேசும்போதும் கூப்பிட்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பாக வரவில்லை, மூக்கால் வந்தது. "இருங்க, இருங்க, வந்துட்டேன்" என்று மேசைக்கடியில் நுழைந்தேன். உயிர் இருக்கிறது, குரல் இருக்கிறது, திரைக்கு மட்டும் போகவில்லை என்றால் ஒயர். போன் வெளிச்சத்தைப் பின்பக்கம் அடித்தேன். ஒரே மாதிரி இரண்டு ஓட்டை, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஜோவன் தனியாக ஒரு திரைக் கார்டு போட்டிருந்தானே, கீழே இருப்பது அதனுடையது. மேலே இருப்பது எதற்கும் ஆகாதது. நான் தடவித் தடவி மேலே சொருகியிருந்தேன். பிடுங்கிக் கீழே சொருகினேன். நிமிரும்போது மேசை விளிம்பில் தலை மோதியது, அந்த வலியோடு பார்த்தபோது திரை வெள்ளையும் நீலமுமாகக் கட்டங்களோடு நின்றுகொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக எழுத்துப் பக்கத்துக்குப் போனார். மின்னலாகத் திறந்தது, தொங்கவில்லை, புது ரேம். எனக்கு உடனே எங்காவது போக வேண்டும் போல இருந்தது, உலை வைக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும். போகவில்லை. நெற்றி மேட்டைத் தடவிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில், திரை தெரிகிற இடத்தில் நின்றேன். நேற்று எழுதியது எதுவும் இல்லை, வெறும் பெட்டி. யோசிச்சுட்டேன் என்று மறுபடி ஆரம்பிக்கவில்லை, நேராக ப-வைப் பார்த்தார். நிரம்பியது. பிறகு ஓ. திரையில் போ என்று வந்தது. கீழே கம்ப்யூட்டர் தானாக ஊகித்துச் சொற்களைக் காட்டும், அவர் அதிகம் சொல்வதை முதலில் காட்டும். போதும். போகலாம். போன். போதும் முதலில் இருந்தது, விழுங்க முடிந்த காலத்தில் சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் சொன்னது. அவர் கண் அங்கே போனது. போதும் என்பதன் ஓரத்தில் பச்சை ஏறத் தொடங்கியது. கால்வாசி. ஸ்ஸ் என்று மெஷின் இழுத்தது. பாதி. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்ல வருவதை நான் முந்திக்கொண்டு முடிப்பது வழக்கம், தண்ணியா, தலையணையா, சரி சரி என்று, அவருக்குக் கோபம் வரும். இப்போது முந்தவில்லை. முக்கால். பச்சை சட்டென்று வடிந்தது. கண் வெளியேறிவிட்டது. மேலே போய் ட். மறுபடி ட். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக வந்து உட்கார்ந்தது. போட்டுக்கறேன். ஒரு புள்ளி. அதற்குப் பிறகு, நீ என்ன சொல்ற.

செய்தி வாசிக்கிறவன் வாசித்தான். போட்டுக்கறேன். நீ என்ன சொல்ற. கேள்வி மாதிரியே வாசிக்கவில்லை, மழை பெய்யக்கூடும் என்கிற மாதிரி வாசித்தான். அவர் கண் திரையை விட்டு என்னிடம் வந்தது. உங்க இஷ்டம்ங்க என்று வந்துவிட்டது வாய் வரைக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் சொல்லியிருக்கிறேன், வீடு மாறும்போது, பிள்ளை வேண்டாம் இருவரே போதும் என்று முடிவானபோது, எல்லாவற்றுக்கும். அது சுலபமாக வருகிற சொல், ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும் மாதிரி. நான் அதை விழுங்கினேன். சந்தோஷம் என்று சொல்ல நினைத்தேன், அது உண்மைதான், ஆனால் அது மட்டும் உண்மையில்லை. அவர் காத்திருந்தார். மாலையாகிக்கொண்டிருந்தது, பாய் கிடந்த இடத்தில் வெயில் இல்லை. டாக்டருக்கு முன்னால் அவருக்கு நான் சொல்ல வேண்டும். "இருங்க" என்றேன். "நீங்க இருங்க. எனக்கு அதுதான் வேணும்." பிறகு, சொல்லக்கூடாது என்று நினைத்ததையும் சொன்னேன். "ஆனா ரொம்பப் பயமா இருக்குங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைக்குப் போனார். எழுதப்போகிறார் என்று நினைத்தேன், பயப்படாதே என்று எழுத எத்தனை எழுத்து, அந்தச் செய்தி ஆள் அதை வாசிப்பானே என்று இருந்தது. அவர் எழுத்துப் பக்கத்தை மூடினார். கட்டங்கள் வந்தன. இரண்டாம் வரிசைக் கடைசியில் அவர் எப்போதாவது மட்டும் தொடுகிற ஒரு கட்டம், யாராவது வந்து நான் காபி போடப் போகும்போது கட்டிலிலிருந்து சொல்வதற்காக, அப்போது விழுங்க முடிந்தது, சிரித்துக்கொண்டே பதிந்தது. அது மெல்ல நிரம்பியது. மைதானத்துக் குரலில், உற்சாகமாக, தனக்கும் ஒரு டம்ளர் வேண்டும் என்று கேட்கிறவராக அவர் சொன்னார்.

"எனக்கும்."